எருதுக்கு விரித்த பாய்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய நாத்தனார் அக்காவுக்கு, உங்கள் தம்பி மனைவி கும்பிட்டு எழுதிக்கொள்வது.

அங்கே நீங்களும் மகனும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பேனா ஒத்துழைக்கவில்லை. முதலில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கண் ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டுக்கொள்கிறீர்களா? மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த காது மெஷினை டப்பாவிலேயே வைத்துப் பூட்டியிருக்கிறீர்களாம். அது என்ன நகையா அக்கா, பூட்டி வைக்க? தயவுசெய்து மாட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் அதை மாட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. போனில் ஒரே நிமிஷத்தில் கேட்டு முடித்திருப்பேன். நான் ஒன்று கேட்க, நீங்கள் ஒன்று சொல்ல, நான் கத்த, இந்தக் கட்டடத்தில் ஐந்து மாடிக்கும் நம் குடும்ப விவகாரம் போய்ச் சேரும். விஷயமோ வயது சம்பந்தப்பட்டது. உங்கள் மகனிடம் கேட்கக்கூடியதும் இல்லை. அதனால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படியுங்கள்.

உங்கள் தம்பியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. உங்கள் குடும்பத்துக்கே அது சொத்து, உங்களுக்கும் அதேதான், தப்பாக நினைக்காதீர்கள். கல்யாணமான புதிதில் கல்லுளிமங்கன் கையில் மாட்டிக்கொண்டோமே என்று அழுதிருக்கிறேன். பிறகு எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை கிடைத்தது. நாள் முழுக்க ஊரார் பேச்சைக் காதில் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், பேசாத புருஷன் எவ்வளவு பெரிய வரம் என்று புரிந்தது. அவருக்கோ குளிர்பதனக் கிடங்கில் கணக்கு வேலை. உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்தே ஆயுளைக் கழித்தார். ஓய்வு பெற்ற பிறகு ஸ்வெட்டரைக் கழற்றினாரே தவிர உட்காருவதை விடவில்லை. கூடத்தில் ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி இருக்கிறதே, நீங்கள் வந்திருந்தபோது வந்த நாளிலிருந்து போகிற நாள் வரை பிடித்துவைத்திருந்தீர்களே, அதே நாற்காலிதான். காலையில் உட்கார்ந்தால் சாப்பிடத்தான் எழுந்திருப்பார். நான் என்ன கத்தினாலும் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். கடைசியில் டாக்டர் ரத்த அழுத்தத்தை அளந்துவிட்டு, "ஐயா, உடம்பை அசைங்க, இல்லேன்னா அது உங்களை அசைச்சிடும்" என்றார். அன்றிலிருந்து பிடித்தது சனி.

எங்கள் கட்டடத்தில் மேல் மாடியில் ஒரு பொதுக்கூடம் இருக்கிறது. யாருக்கும் உபயோகமில்லாமல் உடைந்த மேசைகளைப் போட்டுவைத்திருந்தார்கள். அதைத் துடைத்துப் பெருக்கி ஓர் அம்மாள் மாலை நேரத்தில் யோகா வகுப்பு ஆரம்பித்தார். ஒல்லியான உடம்பு, வெளுத்த சேலை, எந்த வயது என்று சொல்ல முடியாத முகம். எதைக் கேட்டாலும் முதலில் "மூச்சு விடுங்க" என்பார். பேர் ஏதோ சொன்னார், நான் மூச்சம்மா என்றுதான் வைத்திருக்கிறேன். சாதாரண யோகா என்றால் பரவாயில்லையே. இது சீனக் கணக்கோடு சேர்த்த யோகா. சீனர்களுக்கு வருஷத்துக்கு ஒரு மிருகமாம், பன்னிரண்டு மிருகம் ஒரு சுற்றாம். எலி, எருது, புலி, முயல், நாகம் மாதிரி பறக்கிற ஒன்று, பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. நாம் எந்த வருஷம் பிறந்தோமோ அந்த மிருகம் நமக்குள்ளே படுத்துத் தூங்குகிறதாம். அதற்கேற்ற ஆசனம் போட்டு, அதற்கேற்ற மந்திரத்தைச் சொன்னால் அது எழுந்து உட்காருமாம். நல்லபடியாகத் தூங்குகிற மிருகத்தை எதற்கு அம்மா எழுப்ப வேண்டும் என்று நான் கேட்டேன். "மூச்சு விடுங்க" என்றார்.

நானும் முதல் நாள் போனேன் அக்கா, பொய் சொல்வானேன். வட்டமாகப் பன்னிரண்டு பாய். என் வருஷத்தைக் கேட்டார், சொன்னேன். விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, வெல்லம் கொடுக்கிற மாதிரி சிரித்துக்கொண்டு, "நீங்க பன்றிம்மா" என்றார். அத்தனை பேர் முன்னால்! பன்றி என்றால் தாராள மனசு, செல்வம், நல்ல உள்ளம் என்று என்னென்னவோ அடுக்கினார். என் தாராளம் என் சமையலறையிலேயே இருக்கட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்தப் பாய்க்குத் தரைத்தள பல் டாக்டர் வந்துவிட்டார், அவருக்கு ரோஷம் கிடையாது. உங்கள் தம்பி பென்ஷன் அட்டையில் உள்ள வருஷத்தைச் சொன்னார். புலி வந்தது. புலிக்கு வியாக்ராசனம். நாலு காலில் நின்று ஒரு காலைப் பின்னால் தூக்கி, முதுகை வளைத்து, "ரம், ரம்" என்று சொல்ல வேண்டும். கிடங்கில் எலி ஓடினால் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிற மனிதர் புலியாம். நான் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சிரித்தது கொஞ்ச நாள்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலை நிமிர்ந்து, "நீ இன்னிக்கு ரொம்ப அழகா இருக்கே" என்றார். என் கையிலிருந்த டம்ளர் விழுந்து நசுங்கிப்போனது, இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் கதவை மறித்து சைக்கிள் நிறுத்துகிற எதிர்வீட்டு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று வருஷக்கணக்காக நான் கெஞ்சியிருக்கிறேன். போய்க் கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியவில்லை, குரலே எழவில்லை, பக்கத்தில் போய் நின்று வக்கீலின் கழுத்தையே பார்த்தாராம், அவ்வளவுதான். சைக்கிள் மட்டுமில்லை, வக்கீலே இப்போது எங்கள் வாசல் வழியாக நடப்பதில்லை. ஆரம்பத்தில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நாற்காலியை விட்டவர் கட்டிலையும் விட்டார். தரையில் ஒருக்களித்துப் படுக்கிறார். பால்கனிக் கம்பிமேல் புறா வந்து உட்கார்ந்தால் அசையாமல் பார்க்கிறார், எவ்வளவு நேரம் என்றாலும் இமை கொட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் முழு வாக்கியமாகப் பதில் சொல்கிறார். அந்த "ம்" நின்றே போனது. அது போனதற்காக நான் ஒருநாள் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் வாயிலேயே போட்டிருப்பேன்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. வட்டத்தில் எலிப் பாயும் எருதுப் பாயும் காலியாகவே கிடந்தன. வட்டம் நிறைய வேண்டும், உங்கள் சொந்தத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று மூச்சம்மா கேட்டாராம். பல் டாக்டர் விளையாட்டாக, "எங்க மச்சான் எலி வருஷம்தான்" என்று சொல்லிவைத்தார். அந்த மச்சான் இருப்பது பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரத்தில். அவரிடம் யாரும் பேசவில்லை, கடிதம் போடவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் நான் குப்பை கொட்ட இறங்கினேன். மச்சான் படிக்கட்டில் ஏறி வருகிறார். ஒரு கன்னம் வழவழவென்று இருக்கிறது, மறு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருக்கிறது, காலில் செருப்பு இல்லை. "என்னங்க, இந்தக் கோலத்துல?" என்று கேட்டேன். "ஷேவ் பண்ணிட்டிருந்தேங்க. சுவரோரமா ஏதோ கொறிக்கிற சத்தம் கேட்டுச்சு. என்னன்னு பாக்கலாம்னு பின்னாடியே வந்தேன்" என்றார், ஏதோ அடுத்த தெருவிலிருந்து வந்தவர் மாதிரி. நேரே மேலே போய் எலிப் பாயில் உட்கார்ந்தார். இன்னும் இறங்கவில்லை. அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். அவர் மனைவி வந்து அழுது பார்த்தாள். அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அவள் கொண்டுவந்த பிஸ்கட்டை ஓரத்திலிருந்து சின்னச் சின்னதாகக் கடித்துத் தின்றுகொண்டே இருந்தாராம். பல் டாக்டர் இப்போது சிரிப்பதை நிறுத்திவிட்டார். மூச்சம்மாவுக்கு மட்டும் மகிழ்ச்சி. ஆதியில் மிருகங்களெல்லாம் பந்தயம் போனபோது எலி எருதின் முதுகில் ஏறி வந்துதான் முன்னால் குதித்ததாம். "எலி வந்தாச்சுல்ல, எருது பின்னாடியே வந்திட்டிருக்கும்" என்றாராம். அன்று சாயங்காலம் உங்கள் தம்பி இறங்கி வந்து, "இன்னிக்கு ஒரு நல்ல காரியம் பண்ணினேன்" என்றார். புலியின் நல்ல காரியம் எனக்கெதற்கு என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் படிக்கட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இருட்டில் இல்லை அக்கா, நல்ல வெயில் நேரத்தில். இவர் மாலை வகுப்புக்கு மேலே போயிருப்பார், நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். கீழேயிருந்து யாரோ ஏறி வருவார்கள். கனமான அடி, ஒன்று வைத்தால் அடுத்தது எப்போது என்று நாம் காத்திருக்க வேண்டிய அளவுக்கு நிதானம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பெருமூச்சு. லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது, இருந்தும் படியில்தான் வரும். எங்கள் கதவுக்கு வெளியே வந்து நிற்கும். கதவைத் திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள், மிதியடி மட்டும் நடுவில் அமுங்கிக் கிடக்கும். பிறகு வாசலோடு நிற்கவில்லை. பால்கனியில் வளர்த்த மணி பிளான்ட் ஒருநாள் பாதியாகிவிட்டது. கத்தரியால் வெட்டியது இல்லை, வாயால் இழுத்துப் பிய்த்தது. வாளியில் பிடித்துவைத்த தண்ணீர் பாதி இல்லை. நான் இவரைப் பிடித்து உலுக்கி, "செடியைத் தின்னீங்களா, உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டேன். ஆற அமரப் பார்த்துவிட்டு, "புலி பசிச்சாலும் புல்லைத் தின்னுமா?" என்றார். நியாயமான பதில்தான். அப்படியானால் தின்றது யார்?

நாற்காலி கிறீச்சிட ஆரம்பித்தது அடுத்த நாள். உட்காருகிற இடம் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. அந்த ஜன்னலில் வெயில் விழுவதே இல்லை. நான் சமையலறையிலிருந்தே, பழைய பழக்கம், என்னை அறியாமல், "லைட்டைப் போடவா?" என்றேன். கூடத்திலிருந்து "ம்" என்று கேட்டது. உங்கள் தம்பி மேல் மாடியில் "ரம், ரம்" என்று சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு அதே நேரத்தில் மாடிப்படி வழியாகக் காதில் விழுகிறது. கத்தியோடு கூடத்துக்குப் போனேன். நாற்காலி காலி. திரும்பி வந்து, "டீ போடவா?" என்றேன். "ம்." போட்டுக் கொண்டுபோய் நாற்காலிப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் டம்ளர் காலி, ஓரமெல்லாம் ஈரம், யாரோ நாக்கால் வழித்த மாதிரி.

பயந்து ஓடினேன் என்று நினைப்பீர்கள். முதல் நாள் பயந்தேன். இரண்டாம் நாளும் பயந்தேன். அதற்கப்புறம், உங்களிடம் மறைப்பானேன், அந்த "ம்" எனக்குப் பிடித்துவிட்டது. எத்தனையோ வருஷமாகப் பழகிய "ம்" அக்கா. அதில் "சரி" இருக்கும், "வேண்டாம்" இருக்கும், "நீ சொன்னா சரிதான்" இருக்கும். புலி என்னிடம் முழு வாக்கியம் பேசுகிறது, ஆனால் நான் சொல்வது எதுவும் அதன் காதில் ஏறுவதில்லை. இது கேட்டது. தினமும் சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டுவேன். மாவு மில்காரன் கலப்படம், என் இடுப்பு வலி, எக்ஸ்சேஞ்சில் எனக்குக் கீழே வேலை பார்த்தவள் சூப்பர்வைசர் ஆனது. உங்களைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மெஷினை மாட்டாதது, மகனும் மருமகளும் வேலைக்குப் போனபிறகு பகலெல்லாம் ஒண்டியாக இருப்பது, எத்தனை தரம் சொன்னாலும் பின்கதவைத் தாழ்போடாமல் காற்று வாங்கத் திறந்துவைப்பது, பஸ் நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வருகிற வழியில் அந்தப் பாழாய்ப்போன பள்ளத்தில் நான் கால் மடங்கி விழுந்தது. எல்லாவற்றுக்கும் "ம்". உங்கள் பேச்சு வந்தால் மட்டும் நாற்காலி முன்பக்கம் சாய்ந்து கிறீச்சிடும். அக்கா மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போன ஒருநாள், எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஜன்னலெல்லாம் திறந்து, கூடம் முழுக்க மஞ்சள் வெயில். பாம்பு ஊர்கிறது, முயல் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்திருக்கிறது, சேவலாக இருக்கிற வரி ஆலோசகர் பத்மாசனத்தில் கை ஊன்றி எழும்பப் பார்த்துத் தொப்பென்று விழுகிறார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு எல்லோரும் கண்ணை மூடி அவரவர் மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். குரல் பிரிப்பது எனக்குத் தொழில். ஒரே நேரத்தில் எத்தனை பேர் லைனில் பேசினாலும் தனித்தனியாக எடுத்துவிடுவேன். உட்கார்ந்திருந்தவர்கள் பதினோரு பேர். குரல் பன்னிரண்டு. எலி மச்சானுக்கும் உங்கள் தம்பிக்கும் நடுவே காலியாகக் கிடக்கிற எருதுப் பாயிலிருந்து, தரையோடு தரையாக, "லம்... லம்..." என்று ஒரு குரல். மண்ணுக்குரிய மந்திரமாம் அது. பாயின் நடுவில் குழி விழுந்திருந்தது. மூச்சம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, பழக்கப்பட்ட விருந்தாளி வந்த மாதிரித் தலையசைத்தார். வகுப்பு முடிந்ததும் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"அந்தப் பாயில யாரும்மா?" என்றேன்.

"இன்னும் யாரும் இல்லம்மா. யாரோட இடமோ அவங்களை அது தேடும். கிடைக்கிற வரைக்கும் பக்கத்துல, சொந்தக்காரங்க வீட்டுல சுத்திட்டிருக்கும். மூச்சு விடுங்க."

"எங்க வீட்டுலதாம்மா சுத்துது!"

"அப்ப உங்க வீட்டு ஆள்தான்" என்றார், அவ்வளவுதான்.

அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. எல்லாம் புரிந்துபோனது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. உங்கள் அப்பா, என் மாமனார், உயிரோடு இருந்தபோது ஒருநாள் சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே என்னிடம் சொல்லியிருக்கிறார். "என் பசங்க ரெண்டுல ஒண்ணோட வயசு நிஜ வயசு இல்லம்மா. ஒரு நல்ல காரியத்துக்காகக் கொஞ்சம் முன்னப்பின்ன சொல்லிவெச்சேன்" என்று. யார் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது, வேலையில் கூட ஒரு வருஷம் இருக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் பையன் வயதைக் குறைத்துப் போடாத அப்பா எங்கே இருக்கிறார்? புலிக்கு முந்தின வருஷம் எருது. உங்கள் தம்பி பிறப்பிலேயே எருது அக்கா! நடையைப் பாருங்கள், மெல்லுவதைப் பாருங்கள், ஒரு கவளத்தை அரை மணி நேரம் அசைபோடுகிறவர் புலியாக இருக்க முடியுமா? பொய் வருஷத்தைச் சொல்லிப் பொய் மிருகத்தை எழுப்பி உள்ளே ஏற்றிக்கொண்டார். நிஜ மிருகம் இடமில்லாமல் வெளியே வந்து, தன் சொந்த வீட்டு வாசலில் பிச்சைக்காரன் மாதிரி நின்று, என் மணி பிளான்டைத் தின்றுகொண்டு, என் குப்பைப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அரசாங்கத்தை ஏமாற்ற நினைத்தது அரசாங்கத்தோடு போகவில்லையே.

அதனால் உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். அவர் பிறந்ததைப் பார்த்தவர்களில் இன்று மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அப்போது உங்களுக்குப் பத்து வயது, நன்றாக நினைவிருக்கும். அவர் நிஜமாகப் பிறந்த வருஷம் எது? உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதிப் போடுங்கள். கையோடு மூச்சம்மாவிடம் காட்டி, இவரை ஒரு பாய் தள்ளி உட்கார வைத்துவிடுவேன். எனக்கு அழகு சொல்கிற புருஷன் வேண்டாம். சைக்கிள் வாசலிலேயே நிற்கட்டும், நான் சுற்றிக்கொண்டு போகிறேன். எனக்கு என் கல்லுளிமங்கன் வேணும் அக்கா. நேற்று புறாவைப் பார்ப்பது போலவே என்னையும் பார்த்தார். பசிக்கிறதா என்று கேட்டேன், "இப்போது இல்லை" என்றார். அந்த "இப்போது" எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். பெரியவர் நீங்கள், எங்கள் இருவரையும், முடிந்தால் மூவரையும், அங்கிருந்தே கை தூக்கி ஆசீர்வாதம் செய்யுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினை மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்
தம்பி மனைவி

பி.கு.: அக்கா, மேலே எழுதியது எதையும் செய்யாதீர்கள். வருஷத்தை எழுதாதீர்கள். எதையுமே எழுதாதீர்கள்.

கடிதத்தை முடித்து, உறையில் உங்கள் விலாசத்தை எழுதி, மை காய நாற்காலியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். அவர் வகுப்பு முடிந்து வந்தார். "அக்காவுக்கா லெட்டர்?" என்றார். அவர் வயதை மாற்றிய கதையைப் போட்டு உடைத்தேன். அவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். "என் வயசை யார் மாத்தினா? நான் புலிதான். அப்பா மாத்தினது அக்கா வயசை. முதிர்ந்துபோச்சுன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிடக் கூடாதுன்னு மூணு வயசு குறைச்சுச் சொல்லிக் கல்யாணம் பண்ணினாங்க. நான் பொறந்தப்ப அவளுக்குப் பதிமூணு. ஒரு முழுச் சுத்து, மேல ஒரு வருஷம். எருது அவதான்" என்றார். மாடு என்று உங்களை நான் சொல்லவில்லை அக்கா, சீனக் கணக்கு சொல்கிறது. இத்தனை வருஷமாக உங்களைவிட எனக்குத்தான் முடி அதிகம் நரைத்துவிட்டது என்று வருத்தப்பட்டேனே, அது இப்போது முக்கியமில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். "வட்டம் நிறையலையேன்னு மூச்சம்மா வருத்தப்பட்டாங்க. எங்க அக்கா இருக்கா, எருது வருஷம்தான்னு அன்னிக்கே சொல்லிவெச்சுட்டேனே. நல்ல காரியம் பண்ணினேன்னு சொன்னேன்ல, நீ எங்க கேட்ட?"

என் காது தவறிவிட்டது அக்கா. ஆயுள் முழுக்கக் குரல் பிரித்த காது. அது அவருடைய "ம்" இல்லை. கொஞ்சம் கனம் கூட, கடைசியில் மூக்கில் இழுத்து முடிகிற "ம்". உங்களுடையது. உங்கள் இடம் உங்களைத் தேடி வந்து, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் குரலில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் டீ போட்டுக் கொடுத்து, ஒண்டியாக இருப்பதையும் பின்கதவையும் பஸ் நிலையத்திலிருந்து வருகிற வழியையும், பள்ளத்தைக்கூட விடாமல், எல்லாம் சொல்லித் தொலைத்தேன்.

ஓடிப்போய் கூடத்தைப் பார்த்தேன். உறை கீழே கிடக்கிறது, ஒரு மூலை ஈரமாகக் கடிபட்டு. நாற்காலி சில்லிட்டிருக்கிறது. "டீ போடவா?" என்று கேட்டேன், இரண்டு தரம் கேட்டேன். பதில் இல்லை. படிக்கட்டில் அடிச் சத்தம், முதல் தடவையாகக் கீழே இறங்கிப் போகிறது. மேலே மூச்சம்மா பாயை உதறி விரிக்கிற சத்தம் கேட்கிறது.

உங்கள் மகனுக்கு உடனே போன் போட்டேன். "அத்தை, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்கிறான். இன்று காலையில் நீங்களாகவே மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டதாகவும், காரணம் சொல்லாமல் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருப்பதாகவும், அம்மா ரொம்ப உற்சாகமாக இருப்பதாகவும் சொல்லிச் சிரிக்கிறான். உங்களிடம் போனைக் கொடு என்றேன், "அம்மாகிட்ட எதையாவது சொல்லிப் பயமுறுத்தாதீங்க அத்தை" என்று வைத்துவிட்டான், திரும்ப அடித்தால் எடுப்பதில்லை.

புது உறையில் போட்டு அனுப்புகிறேன். அது நடந்துதான் வரும், ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்கும், அதனால் தபால் முந்திவிடும் என்று நம்புகிறேன். உங்கள் பேட்டைத் தபால்காரரைப் பற்றி நீங்கள் சொல்லியிருப்பதை நினைத்தால்தான் கலக்கமாக இருக்கிறது. கடிதம் கிடைத்ததும் மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுப் பூட்டுங்கள். செருப்பை உள்ளே வையுங்கள். பின்கதவைத் தாழ்போடுங்கள். யாராவது வந்து நின்று, மெதுவாக, மரியாதையாக, "போலாமா?" என்று கேட்கிற மாதிரி இருந்தால், எனக்குத் தெரியும் உங்கள் குடும்பத்துப் பழக்கம், அந்த "ம்" மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிறந்ததிலிருந்து சொல்லாததை இந்த ஒரு தடவை வாயைத் திறந்து, சத்தமாக, "நான் வரலை"ன்னு சொல்லுங்க அக்கா.